கதம் தாலும் கம்பத்தாட்டமும்: எங்கள் அப்பாரு

கேள்வி, 9 பிப்ரவரி 2025

கொங்குப் பக்கம் மாரியம்மன் நோம்பியில் (கோயில் திருவிழாவில்) கம்பம் சுற்றி ஆடுகிறார்களே, அந்த அடவே பட்டாள மார்ச்சிலிருந்து வந்ததுதான் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். லீவில் வந்த சிப்பாய்கள் சொல்லிக்கொடுத்ததாம். உண்மையா? ஆடுகிற வீட்டுக்காரர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

9 பிப்ரவரி, இரவு

இல்லை. தலைகீழ்.

எங்கள் அப்பாரு (அப்பாவின் அப்பா, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்) இரண்டையும் செய்தவர். காங்கயத்துக்குப் பக்கத்தில் ஊர். பதினாலு வயதில் கம்பத்தடியில் இறங்கியவர், 1963-ல் இருபது வயதில் மெட்ராஸ் ரெஜிமெண்டுக்குப் போனார். 1962 சீனச் சண்டைக்கு அப்புறம் நிறைய ஆள் எடுத்த சமயம். கிணறு வற்றிப் போயிருந்தது, வீட்டில் ஐந்து பேர், கோயமுத்தூரில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இரண்டு பேர் பஸ் ஏறியிருக்கிறார்கள். கூடப் போனவரை மார்பளவு போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பதினைந்து வருஷம் கழித்து ஹவில்தாராக வந்தார். போன ஆகஸ்டில் தவறிவிட்டார். எண்பத்தொன்று.

அவர் சொன்னது இதுதான். வெலிங்டனில் பயிற்சிக்குப் போன முதல் வாரம் பாதிப் பேருக்கு இடது கால் எது, வலது கால் எது என்று தடுமாற்றம். உஸ்தாத் (பயிற்சி கொடுக்கிறவர்) கத்திக்கொண்டே இருப்பாராம். நின்ற இடத்திலேயே கால் தூக்கி வைப்பதற்கு அங்கே 'கதம் தால்' என்று ஆர்டர். அப்பாருவுக்கு இந்தி ஒரு எழுத்து தெரியாது. 'தால்' என்று காதில் விழுந்ததும் தாளம் என்று எடுத்துக்கொண்டு தாளத்துக்கு மிதித்திருக்கிறார். சரியாக இருந்தது. உஸ்தாத் இவரை முன்வரிசைக்கு இழுத்துவிட்டார். "கம்பம் சுத்துனவனுக்கு மார்ச்சு ஒரு பொருட்டாடா" என்பார்.

அதனால் அந்த நண்பரிடம் சொல்லுங்கள், கம்பத்திலிருந்துதான் மார்ச்சுக்குப் போனது. எங்கள் வீட்டளவில் அப்படித்தான்.

10 பிப்ரவரி

கம்பம் என்றால் என்ன என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். தஞ்சாவூர்ப் பக்கமோ நெல்லைப் பக்கமோ பார்த்திருக்க மாட்டீர்கள்.

பூச்சாட்டு என்று ஒரு செவ்வாய்க்கிழமை நோம்பியை அறிவிப்பார்கள். அப்புறம் ஒரு நாள் இரவு, மூன்று கிளையாகப் பிரிந்த ஒரு மரக் கொம்பைப் பட்டை உரித்து, மஞ்சள் பூசி, வேப்பிலை கட்டி மாரியம்மன் கோயில் முன்னால் நடுவார்கள். சில ஊரில் வேம்பு, சில ஊரில் பால் வடிகிற மரம். அதுதான் கம்பம். அம்மனுக்குப் புருஷன் என்று ஐதீகம். விடிந்தால் பெண்கள் வரிசையாக வந்து மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். இரவானால் தப்பட்டையும் திடுமும் முழங்க ஆண்கள் சுற்றி ஆடுவார்கள். கடைசி நாள் பிடுங்கிக்கொண்டு போய் ஆற்றிலோ கிணற்றிலோ விடுவார்கள். கரூர் மாரியம்மன் கோயிலில் வைகாசியில் கம்பத்தை அமராவதியில் விடுகிற அன்றைக்கு ஊரே ஆற்றங்கரையில்தான் இருக்கும். ஈரோட்டிலும் பெரிய மாரியம்மனுக்குக் கம்பம் உண்டு. எங்கள் ஊரில் எல்லாம் சின்ன அளவு, கிணற்றில்தான் விடுவோம்.

ஆட்டத்துக்கு வேஷம் கிடையாது, மேடை கிடையாது. வேட்டியை மடித்துக் கட்டி, இடுப்பில் துண்டைச் சுற்றி இறங்க வேண்டியதுதான். மெதுவாக ஆரம்பிக்கும். இரண்டு எட்டு முன்னே, ஒரு எட்டு பின்னே, ஒரு திரும்பல். அரை மணி நேரத்தில் தப்பட்டை வேகம் பிடித்ததும் யார் கால் எது என்றே தெரியாது. அப்பாரு அந்த வேகத்துக்கு ஆசைப்பட மாட்டார். முதல் அரை மணி நேரம்தான் ஆட்டம், மற்றது ஓட்டம் என்பார்.

14 பிப்ரவரி

வெலிங்டன் பற்றி எழுதச் சொன்ன நண்பருக்கு.

குன்னூரை ஒட்டி இருக்கிற ஊர். மெட்ராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் அங்கேதான். இந்தியத் தரைப்படையின் காலாட்படைகளில் எல்லாவற்றுக்கும் மூத்தது இது, 1758-ல் தொடங்கியது. தமிழர், மலையாளி, தெலுங்கர், கன்னடர் எல்லாரும் ஒரே லைனில் படுத்து எழுந்தவர்கள். தொப்பியில் யானைச் சின்னம். சண்டை முழக்கம் "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு". சின்னப் பிள்ளைகளாக நாங்கள் அந்த முழக்கத்தைக் கத்திக்கொண்டு ஆட்டுப்பட்டியில் ஓடுவோம், ஆடெல்லாம் மிரளும், ஆத்தா (அப்பாவின் அம்மா) விளக்குமாறு எடுப்பார்.

அப்பாரு மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறினார். வெயிலிலேயே பிறந்து வளர்ந்த ஆள். முதல் ராத்திரி குளிரில் இரண்டு கம்பளி போதாமல் சாக்கை எடுத்துப் போர்த்தியிருக்கிறார். மறுநாள் காலையில் ஓடவிட்டார்கள்.

அங்கே அவருக்கு ரொம்பப் பிடித்தது மந்திர் பரேட். ஞாயிற்றுக்கிழமை காலையில் சுத்தமாக உடுத்தி வரிசையாகக் கோயிலுக்குக் கூட்டிப்போவார்கள், அதுவும் பரேட்தான், வராமல் இருக்க முடியாது. பண்டிட்ஜி இந்தியில் பாடுவார். எங்கள் ஆள் அதற்குள் முருகனைப் போட்டுப் பாடிக்கொள்வார். "சாமி கும்புடறதுக்கு ஆர்டர் போட்ட எடம் அது ஒண்ணுதான் கண்ணு" என்று பல தடவை சொல்லியிருக்கிறார், பெருமையாக.

அடுத்தது படாகானா. விசேஷ நாளில் அதிகாரியும் சிப்பாயும் சேர்ந்து சாப்பிடுகிற பெரிய சாப்பாடு. சாப்பாட்டுக்கு முன்னால் ஆட்டம் பாட்டு. மலையாளத்துக்காரர்கள் செண்டையை எடுத்துவிடுவார்களாம். தாளம் வேறு, அதனால் என்ன, அப்பாரு இறங்கிவிடுவார். ஒரு வருஷம் முழுக்க அந்தப் பட்டாலியனில் இவர் பெயரே 'டான்ஸ்' என்றாகிவிட்டது. சண்டையில் வாங்கிய பதக்கங்களைப் பற்றி ஒருநாளும் பேசாதவர் இதை மட்டும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

15 பிப்ரவரி

ஒரு திருத்தம். 9-ம் தேதி ஹவில்தார் என்று எழுதிவிட்டேன். அப்பா படித்துவிட்டுப் பென்ஷன் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். நாயக், ஹவில்தாருக்கு ஒரு படி கீழே. ஊரில் எல்லாரும் ஹவில்தார் என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே வளர்ந்துவிட்டேன். அப்பாரு கூப்பிட்டவர்களை எல்லாம் திருத்திக்கொண்டுதான் இருந்தார், யாரும் கேட்கவில்லை.

23 பிப்ரவரி

இது கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, ஆனாலும் மனசில் கிடக்கிறது, எழுதிவிடுகிறேன்.

அவர் இறந்த அன்றைக்குச் சித்தப்பா ஃப்ளெக்ஸ் அடிக்கக் கொடுத்தார். வந்ததைப் பார்த்தால் நாற்பது வயது மீசையில், யூனிஃபார்மில், பின்னால் கொடி, பீரங்கி, ஹெலிகாப்டர். 'தேசம் காத்த மாவீரர்'. அப்பாரு ஹெலிகாப்டரில் ஏறியதே இல்லை. சித்தப்பா அழுதுகொண்டே கட்டினார், அதனால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் துக்கத்துக்கு வந்த பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் அதன் முன்னால் நின்று, "இவரு பட்டாளத்துலயா இருந்தாரு? கம்பத்துக்காரர்னு தானுங்க நமக்குத் தெரியும்" என்றார்.

பட்டாளம் பதினைந்து வருஷம். ஆட்டம் அறுபத்தைந்து வருஷம். ஃப்ளெக்ஸில் பதினைந்துதான் இருந்தது.

சலங்கையாவது வைத்திருக்கலாம். கம்பத்துக்குச் சலங்கை கட்ட மாட்டார், ஒயிலாட்டத்துக்குத்தான் கட்டுவார். தோல் வாரில் பித்தளை மணி தைத்தது, அவர் அப்பன் காலத்துச் சாமான். பட்டாளத்து டிரங்குப் பெட்டியில் இருக்கும். கறுப்புப் பெட்டி, மூடியில் வெள்ளைப் பெயிண்டில் பெயரும் நம்பரும். மாசி பிறந்தால் பெட்டியைத் திறப்பார். திண்ணையில் சாக்கு விரித்து, பிராஸோ டப்பாவை எடுத்து வைப்பார். பட்டாளத்தில் பெல்ட் பக்கிளுக்கும் தொப்பிச் சின்னத்துக்கும் போட்டுத் தேய்த்த அதே பிராஸோதான், கேண்டீனிலிருந்து வாங்கி வருவார். பழைய பனியன் துணியில் ஒரு சொட்டு. ஒரு மணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து மூன்று சுற்று. அப்புறம் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஆட்டுவார். உள்ளே இருந்த குண்டு விழுந்துவிட்ட மணி சத்தம் போடாது. அதை அறுத்தெடுத்துத் தனியாக ஒரு சோடா மூடியில் வைப்பார். மெழுகு பூசிய நூலில் வாரைத் திரும்பத் தைப்பார், ஒரே இழைப்பு, இடைவெளி எல்லாம் ஒரே அளவு. அதுவும் பட்டாளத்தில் பழகியது, பட்டன் தைக்கத் தெரியாத சிப்பாய் கிடையாது. எனக்கு எட்டு வயதில் மணி எண்ணுகிற வேலை. அவர் பிராஸோ தேய்த்த துணியின் வாடை எனக்கு இன்றைக்கும் நோம்பி வாடைதான்.

12 மார்ச்

1971 பாகிஸ்தான் சண்டையில் இருந்தாரா என்று கேட்டவருக்கு: ஆமாம், இருந்தார், கிழக்கில். பெட்டியில் பூர்வி ஸ்டார் இருக்கிறது. அந்தச் சண்டையில் கிழக்குப் பக்கம் இருந்தவர்களுக்குக் கொடுத்தது. மேற்கில் இருந்தவர்களுக்குப் பஷ்சிமி ஸ்டார். டிசம்பர் 3-ல் ஆரம்பித்து 16-ம் தேதி பாகிஸ்தான் படை டாக்காவில் சரணடைந்ததோடு முடிந்துவிட்டது. புத்தகத்தில் பதிமூன்று நாள். அவருக்கு எத்தனை நாள் என்று எனக்குச் சொன்னதில்லை. கேட்டால் ஆறு, சேறு, மறுபடியும் ஆறு என்பார். பக்கத்தில் இருந்தவர்களின் பெயரைச் சொல்வார். அதில் இரண்டு பெயருக்கு அப்புறம் கொஞ்ச நேரம் பேச மாட்டார். நாங்களும் எழுந்து போய்விடுவோம்.

உயிரோடு திரும்பியதற்காகத்தான் நேர்ந்துகொண்டார். உசிர் இருக்கிற வரைக்கும் வருஷா வருஷம் கம்பம் சுற்றுகிறேன் என்று. 1972-லிருந்து ஒரு வருஷம் விடவில்லை. சர்வீஸில் இருந்தபோது லீவை நோம்பிக்குத்தான் கேட்பார். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்ததே கிடையாது என்று ஆத்தாவுக்குக் குறை.

2020-ல் ஊரடங்கு. பூச்சாட்டோடு நோம்பி நின்றுவிட்டது, கம்பம் நடவில்லை. எழுபத்தேழு வயது, சர்க்கரை வேறு, வெளியே விடக்கூடாது என்று அப்பா கேட்டைப் பூட்டி வைத்திருந்தார். கம்பம் நட்டிருக்க வேண்டிய அந்த ராத்திரி ஒன்பதரை மணிக்கு அப்பாரு எழுந்து குளித்தார். ஈர வேட்டியோடு வாசல் வேப்பமரத்துக்குப் போய் ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீர் ஊற்றிவிட்டு, துண்டை இடுப்பில் கட்டினார். தப்பட்டை இல்லை, விளக்குக்கூட இல்லை, வாயில் தாளம் சொல்லிக்கொண்டு ஆடினார். மூன்று சுற்று. மூன்றாவது சுற்றில் மரத்தைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். நான் செல்போனில் படம் எடுக்கலாமா என்று நினைத்தேன், எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. வேண்டாம் என்றும் தோன்றுகிறது.

11 ஏப்ரல், பங்குனி உத்திரம்

இன்றைக்கு அவர் ஞாபகம் வராமல் இருக்காது.

எங்கள் பக்கத்தில் பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடிக் காவேரியில் தீர்த்தம் எடுத்துப் பழனிக்கு நடப்பார்கள். தீர்த்தக் காவடி. சாலை பூராவும் மஞ்சள் வேட்டி, அரோகரா. அப்பாரு ஓய்வுபெற்று வந்த வருஷத்திலிருந்து முப்பத்தொரு நடை போயிருக்கிறார். காவடிக்கும் ஆடுவார், ஆனால் அந்த ஆட்டம் வேறு. கம்பத்தில் கால் முக்கியம், காவடியில் கழுத்தும் தோளும். தோளில் காவடி உருள வேண்டும், கலசத்தில் ஒரு சொட்டு சிந்தக்கூடாது. பழனி மலையில் 693 படி. அடிவாரத்திலேயே களைத்துப்போனவர்களைப் பார்த்து, "பேக் போட்டு ஏறுனதுக்கு இது பூ மாதிரி" என்பார்.

சிவன்மலைக்கு மாசம் ஒரு தடவை. அங்கே ஆண்டவன் உத்தரவுப் பெட்டி இருக்கிறது, தெரிந்திருக்கும். முருகன் யாராவது பக்தர் கனவில் வந்து ஒரு பொருளைச் சொல்வார். கோயிலில் பூக் கேட்டு, உத்தரவு ஆனால் அந்தப் பொருளைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள், அடுத்த கனவு வரும் வரைக்கும் அதுதான் இருக்கும். அப்பாரு போனால் முதலில் பெட்டியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து வீட்டில் எல்லாருக்கும் சொல்வார். ஒருநாள் எனக்குச் சலங்கை கனவில் வந்தால் போய்ச் சொல்லலாமா என்று கேட்டேன். எனக்குப் பன்னிரண்டு வயது. சிரிக்காமல் பதில் சொன்னார்: "வந்தாச் சொல்லோணும். வராம வந்துதுன்னு சொல்லக் கூடாது."

13 ஏப்ரல்

வள்ளி கும்மி ஆடியிருக்கிறாரா என்று கேள்வி. ஆடினார், பாட்டும் எடுத்துக் கொடுப்பார், வள்ளி தினைப்புனம் காக்கிற இடம் அவருக்கு மனப்பாடம். முன்னே ஆண்கள் மட்டும்தான் ஆடினார்கள். இப்போது ஊருக்கு ஊர் பெண்களும் பிள்ளைகளும் அரங்கேற்றம் வைக்கிறார்கள். மேட்டுப்பாளையம் பக்கத்துப் பத்ரப்பன் ஐயா அந்தக் காலத்திலேயே பெண்களைச் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தவர், 2024-ல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது அப்பாரு டிவி முன்னால் கைதட்டினார். 'வள்ளிக்கு வேஷங் கட்டாம வள்ளியே வந்து ஆடட்டுமே' என்பது அவர் கட்சி.

ஆனால் சில மேடைகளில் கும்மி முடிந்ததும் பெண் பிள்ளைகளை நிறுத்தி, எங்கள் சாதிக்குள்தான் கல்யாணம் செய்வோம் என்று சத்தியம் வாங்குகிற காணொளி சுற்றியதே, அதைச் சித்தப்பா காட்டினார். அப்பாரு முழுசாகப் பார்த்தார். "வள்ளி குறவூட்டுப் புள்ளைடா. அவளக் கட்டோணும்னு முருகன் வேங்கை மரமாட்ட நின்னாரு. இவிய எந்த வள்ளிக்குக் கும்மி கொட்டறாங்க?" என்றார். செல்போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இதை எழுதும்போது இன்னொன்றையும் எழுதத்தான் வேண்டும். தப்பட்டை அடிக்க வருகிறவர்களில் ஒருவர் அப்பாருவுக்குச் சின்ன வயதிலிருந்து கூட்டு. பட்டாளத்தில் லங்கரில் (சாப்பாட்டுக் கூடத்தில்) எல்லாச் சாதியும் ஒரே வரிசையில் தட்டு நீட்டிய கதையை அப்பாரு அவரிடம் மணிக்கணக்காகச் சொல்வார். அவர் வீட்டில் போய் உட்கார்ந்து காப்பி குடிப்பார், அதற்கு ஊரில் பேச்சும் வாங்கியிருக்கிறார். ஆனால் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் திண்ணையோடு சரி. உள்ளே வாங்க என்று அப்பாரு கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவர் தாளத்துக்கு அறுபது வருஷம் ஆடியவர், ஏன் கூப்பிடவில்லை? உயிரோடு இருந்தபோது நான் கேட்டிருக்க வேண்டும். நானும் கேட்கவில்லை, நானும் கூப்பிடவில்லை.

22 ஏப்ரல்

இன்றைக்கு எங்கள் ஊரில் பூச்சாட்டு. அடுத்த செவ்வாய் கம்பம். அப்பாரு இல்லாத முதல் நோம்பி.

போன வாரம் கொல்லத்திலிருந்து ஒரு பெரியவர் பேசினார். அப்பாருவோடு ஒரே கம்பெனியில் இருந்தவர். சாவுச் செய்தியே அவருக்கு இப்போதுதான் தெரிந்திருக்கிறது. தமிழும் மலையாளமுமாக அரை மணி நேரம். நான் இந்த விவாதத்தைச் சொன்னேன், மார்ச் முந்தியா ஆட்டம் முந்தியா என்று. அவர் ஒன்று சொன்னார், அதனால் இப்போது கேள்வி கேட்டவரிடம் கொஞ்சம் இறங்கி வர வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊர் ஆட்டத்தில் முடிக்கும்போது எல்லாரும் ஒரே மிதியில் நிற்பார்கள். தப்பட்டை அறுந்ததும் முப்பது காலும் ஒரே சத்தம். பக்கத்து ஊர்களில் அப்படிக் கிடையாது, அவரவர் ஓய்ந்து நிற்பார்கள். நான் இது ஆதியிலிருந்து எங்கள் ஊர் வழக்கம் என்று நினைத்திருந்தேன். பெரியவர் சொல்கிறார், படாகானாவில் அப்பாரு ஆட்டம் முடிக்கும்போது 'தம்' என்று ஆர்டர் கொடுத்ததுபோல் ஒரு மிதி மிதித்து நிற்பாராம், பார்த்தவர்கள் எல்லாரும் கூடவே மிதிப்பார்களாம். 'தம்' என்பது மார்ச்சை நிறுத்துகிற ஆர்டர். அப்பாவிடம் கேட்டேன், யோசித்துவிட்டு ஆமாம் என்றார். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்த மிதி கிடையாதாம், அப்பாரு ரிடையராகி வந்த அப்புறம்தான் பையன்களை நிறுத்திப் பழக்கினாராம்.

ஆக, அடவு எங்களுடையது, நிற்பது பட்டாளத்தினுடையது. உங்கள் நண்பர் சொன்னதில் கால்வாசி சரி.

இன்னொன்று. அந்தப் பெரியவர் சொன்னார், அப்பாரு தன் பங்கு ரம்மை ஒரு நாளும் தொட்டதில்லை, அது இந்தப் பெரியவருக்குத்தான் வந்து சேரும் என்று. குடித்துவிட்டு ஆடினால் சாமிக்கு எப்படிக் கணக்கில் சேரும் என்று அப்பாரு கேட்பாராம். சொல்லிவிட்டு ஃபோனில் அழுதுவிட்டார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, எங்கள் ஊருக்கு ஒரு தடவை வாருங்கள் என்றேன். எண்பத்திரண்டு வயது, முழங்கால் ஆபரேஷன் செய்திருக்கிறார்.

8 மே

12 மார்ச்சில் நான் எழுதியது தப்பு. அதை அழிக்காமல் விட்டிருக்கிறேன். ஆனால் தப்பு.

நேற்றுக் கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் விட்டோம். வீட்டுக்கு வந்தால் டிவியில் பாகிஸ்தானோடு சண்டைச் செய்தி. எல்லா சேனலிலும் அதே சைரன், அதே கத்தல். ஆத்தா அணைக்கச் சொன்னார். அணைத்தேன். கொஞ்ச நேரம் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார், அப்புறம் அவராகவே 1971 டிசம்பரைச் சொல்ல ஆரம்பித்தார். ஊரில் ரேடியோ இருந்தது ஒரே வீட்டில். சாயங்காலம் அந்தத் திண்ணையில் போய் நிற்பாராம். தந்திக்காரர் சைக்கிள் ஊருக்குள் வந்தால் பட்டாளத்து வீட்டுப் பெண்கள் எல்லாரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்களாம், நம் வீட்டு வாசலில் நிற்கக்கூடாது என்று.

நான் சொன்னேன்: அதனால்தானே ஆத்தா அப்பாரு நேர்ந்துகிட்டாரு, உசுரோட வந்ததுக்கு?

"ஆரு சொன்னா?" என்றார். "சண்டைக்கு ஆடலடா சாமி. உங்கத்தைக்கு ஆடுனாரு."

1972 சித்திரை. படை வங்கதேசத்திலிருந்து திரும்பி, அப்பாருவுக்கு லீவு கிடைத்து ஊருக்கு வருகிறார். அத்தைக்கு மூன்று வயது. வீட்டு நிலையில் வேப்பிலை செருகியிருக்கிறது, அம்மை. உடம்பு பூராவும், கண்ணுக்குள்ளும் போட்டிருந்ததாம். தாளிப்பு வாடை ஆகாது, வெளியூரிலிருந்து வந்தவர் உள்ளே வரக்கூடாது. அவர் வாசலில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நின்றார். ஆத்தா உள்ளேயிருந்து, வராதீங்க, புள்ளைக்கு ஆகாது என்று சொன்னார். ஒன்றரை வருஷம் கழித்துப் பார்க்கிற மகள். சண்டைக்குப் போய்விட்டு வந்த மனுஷன். நிலைக்கு வெளியே நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாராம், பிள்ளை கண் திறக்கவில்லை.

அப்படியே திரும்பினார். ஊரில் கம்பம் நட்டிருந்தது. பூட்ஸைக் கழற்றிக் கோயில் சுவரோரம் வைத்துவிட்டு, காக்கிப் பேண்டோடு இறங்கினார். விடிகிற வரைக்கும் ஆடினார். ஊர் பூராவும் பார்த்துப் பூரித்தது, சண்டையில் பிழைத்து வந்த சந்தோஷத்தில் ஆடுகிறார் என்று. ஒருவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. விடியற்காலையில் ஆத்தா கம்பத்தில் ஊற்றிய மஞ்சள் தண்ணீரில் ஒரு கை எடுத்துக்கொண்டு போய்ப் பிள்ளைக்குத் தெளித்தார். ஏழாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். அத்தை இருக்கிறார், ஐம்பத்தாறு வயது, இடது கண்ணில் மட்டும் ஒரு பூ.

"நீங்க யாராச்சும் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பாரு" என்றார் ஆத்தா.

9 மே

சண்டைக்கும் சேர்த்துத்தான் ஆடியிருப்பார், இரண்டும் கலந்துதான் இருக்கும் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இருக்கலாம். ஆனால் நான் அப்படிச் சொல்லத் தயாராக இல்லை. ஐம்பது வருஷம் அவர் செய்த எல்லாவற்றுக்கும் நாங்கள் பட்டாளத்தையே காரணமாகச் சொல்லிவிட்டோம். விடியற்காலையில் எழுந்தால் பட்டாளம், தட்டில் மிச்சம் வைக்காவிட்டால் பட்டாளம், ஆடினால் அதுவும் பட்டாளம். ஆத்தா சொன்னதை ஆத்தா சொன்னபடி விட்டுவிடுகிறேன்.

அத்தைக்கு இது தெரியுமா என்று கேட்டேன். தெரியும். சின்ன வயதிலிருந்தே தெரியும். "எனக்காக ஆடறாருன்னு எதுக்கு ஊரெல்லாஞ் சொல்லோணும்" என்றார். நோம்பி நாளில் அவர் ஏன் எங்கே இருந்தாலும் புருஷன் வீட்டிலிருந்து ஓடி வந்துவிடுவார், ஆட்டம் முடிகிற வரைக்கும் தண்ணீர்ச் சொம்போடு கோயில் படியிலேயே உட்கார்ந்திருப்பார் என்று இப்போதுதான் புரிகிறது. நாங்கள் அதை அப்பன் செல்லம் என்று கேலி பேசுவோம்.

17 ஆகஸ்ட்

வருஷத் திதி முடிந்தது. இந்தத் தடவை ஃப்ளெக்ஸ் வேண்டாம் என்று சித்தப்பாவே சொல்லிவிட்டார். படத்துக்கு முன்னால் சலங்கையையும் பூர்வி ஸ்டாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். தப்பட்டைக்காரப் பெரியவரை அப்பா கைப்பிடித்து உள்ளே கூட்டிவந்து பந்தியில் உட்கார வைத்தார். அவர் சரியாகச் சாப்பிடவில்லை, கூச்சமோ துக்கமோ தெரியவில்லை.

சலங்கையை அத்தை எடுத்துக்கொள்கிறார். அவர் பேத்தி கும்மி பழகுகிறாள், அவளுக்கு. கொடுப்பதற்கு முன்னால் நானே பிராஸோ போட்டுத் தேய்த்தேன், ஒவ்வொன்றாகக் காதில் வைத்து ஆட்டிப் பார்த்தேன். ஒரு காலில் 46, இன்னொரு காலில் 43. சோடா மூடியில் அவர் எடுத்து வைத்த மூன்றும் அப்படியே இருந்தன, சத்தமில்லை. பழைய வார்ப்பு மணி, உள்ளே இரும்புக் குண்டு, சுண்டைக்காய் அளவு. ஈரோட்டிலும் திருப்பூரிலும் தேடிவிட்டேன், எல்லாம் தகட்டு மணிதான் கிடைக்கிறது. கிடைக்கிற கடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மூன்று போதும்.